துபாய் வேலை: விசிட் விசாவில் போகலாமா?

அண்ணன்களே, அக்காக்களே, பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி ஐடிஐ ஃபிட்டர், ஓசூரில் காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். இப்போது ஒரு ஏஜென்ட் துபாயில் வேலை என்று 1,20,000 ரூபாய் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போகணுமாம், அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றித் தருவார்களாம். எனக்கு இதுதான் உறுத்துகிறது. விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம், மாட்டினால் அவதிப்படப் போவது தம்பிதான்.

மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு எண் கேட்டால், "பத்தாவது பாஸ் பண்ணவனுக்கு குடியேற்ற அனுமதியே வேண்டாம், அப்புறம் எதுக்கு நம்பர்?" என்கிறார். வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசு தரும் அந்த அனுமதி தம்பிக்கு வேண்டாம் என்பது சரி, ஆனால் ஆள் அனுப்புகிறவருக்குப் பதிவு வேண்டாமா? பதிவு பெற்ற ஏஜென்ட்களைப் பார்க்கும் மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் தேடினேன், அவர் பெயர் இல்லை.

அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது, பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக்கூடாது, வேலை நாளுக்கு 8 மணி நேரம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எப்படி?

காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கத்து ஆட்கள் துபாய், ஷார்ஜாவில் இருந்தால் சொல்லுங்கள்: ஆஃபர் லெட்டரில் இருந்த அடிப்படைச் சம்பளமே ஒப்பந்தத்திலும் வந்ததா? ஓவர்டைம் கணக்கு ஒழுங்காகப் போடுகிறார்களா? தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலம் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏஜென்ட் இந்த வாரமே முன்பணம் கேட்கிறார், அதற்குள் பதில் வந்தால் நல்லது.