எமிலி டிக்கின்சனின் கோடுகள்: 1890 பாடமா, கைப்பிரதியா?

கரிசல்வாசகி (செவ்வாய், இரவு 8.10)

வரும் சனிக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் எமிலி டிக்கின்சனின் மரணக் கவிதையை எடுத்துக்கொள்ள இருக்கிறோம். மரணத்துக்காகத் தன்னால் நிற்க முடியவில்லை, ஆகவே மரணமே பரிவோடு தனக்காக வண்டியை நிறுத்தியது என்று ஒரு பெண் சொல்லத் தொடங்கும் கவிதை. இரண்டு பேர் இணையத்திலிருந்து அச்செடுத்து வந்தார்கள். ஒரு தாளில் 'இரதம்' என்ற பொருளில் ஒரு தலைப்பு, ஐந்து பத்திகள், காற்புள்ளியும் அரைப்புள்ளியும் ஒழுங்காக. மற்றதில் தலைப்பே இல்லை. ஆறு பத்திகள், அடிக்கு அடி கோடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில சொற்களும் வேறாக இருக்கின்றன. எதை வைத்துப் படிப்பது?

ஏடுபுரட்டி (செவ்வாய், இரவு 8.52)

தயங்காமல் கோடுள்ள தாளை எடுங்கள். மற்றது டிக்கின்சன் எழுதியது அல்ல, அவர் இறந்த பிறகு இருவர் திருத்தி எழுதியது.

1886 மே மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் அவர் இறந்தபோது, அச்சில் வந்திருந்தவை பத்துக் கவிதைகள் அளவில்தான். அவையும் பெயரில்லாமல். பிறகுதான் தங்கை லவீனியாவின் கையில் அந்தப் புதையல் கிடைத்தது. தாளை மடித்து, ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்து எமிலியே கட்டிய 40 சிற்றேடுகள். அவை போகக் கட்டாத தாள்கள், துண்டுகள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,800 கவிதைகள். அவற்றிலிருந்து தேர்ந்து மேபல் லூமிஸ் டாட் என்ற பெண்மணியும் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளரும் 1890இல் பாஸ்டனில் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். தலைப்பு வைத்தார்கள், கோடுகளை எடுத்தார்கள், அதோடு நில்லாமல் சொல்லிலும் கை வைத்தார்கள்.

மூன்றாம் பத்தியைப் பாருங்கள். வண்டி ஒரு பள்ளிக்கூடத்தைக் கடக்கிறது. கைப்பிரதியில் அங்கே பிள்ளைகள் இடைவேளையில் வட்டமாக நின்று முட்டி மோதுகிறார்கள். அவர் எழுதிய வினைச்சொல் 'ஸ்ட்ரோவ்'. 1890 தொகுப்பில் அந்தப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பாடம் அப்போதுதான் முடிந்தது என்று ஓர் அடி புதிதாக முளைத்திருக்கிறது. காரணம் இயைபு. இரண்டாம் அடியின் 'ரிங்' நான்காம் அடியின் 'சன்' என்பதோடு இயையவில்லை என்று கருதி, 'டன்' என்று முடியும்படி அடியையே மாற்றிவிட்டார்கள். ஓர் ஓசைக்காக வட்டமும் போயிற்று, முட்டலும் மோதலும் போயிற்று. முந்தைய பத்தியில்தான் அந்தப் பெண் தன் வேலையையும் ஓய்வையும் ஒதுக்கிவைத்துவிட்டதாகச் சொல்கிறாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள், ஓய்வு நேரத்தில்கூட மல்லுக்கு நிற்கும் பிள்ளைகளைத் தாண்டிப் போகிறாள். 'விளையாடினார்கள்' என்று ஆக்கியதும் அது வழியில் தெரியும் ஒரு காட்சி, அவ்வளவுதான்.

பழையபள்ளி (செவ்வாய், இரவு 10.31)

ஏடுபுரட்டி அவர்களுக்கு வணக்கம். 'டிக்கின்சன் எழுதியது அல்ல' என்ற உங்கள் வாக்கியம் என்னைத் தைத்துவிட்டது.

1974இல் பி.ஏ. வகுப்பில் எங்கள் பேராசிரியர் இந்தக் கவிதையைப் புத்தகம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அந்த ஐந்து பத்திகளும் அன்றே எனக்கு மனப்பாடம் ஆயின. பின்னர் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். என் தாயார் மறைந்த இரவில் திண்ணையில் உட்கார்ந்து எனக்குள் சொல்லிக்கொண்டதும் இந்த ஐந்து பத்திகளைத்தான். அதைப் போலி என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் காரணம் சொல்கிறேன். முதலாவது, டிக்கின்சன் கடிதங்களிலும் இதே கோடுகளைத்தான் இழுத்தார். அது அவருடைய கை வழக்கம். கையெழுத்தில் கிடக்கும் குறிகளைச் சீர்செய்து அச்சுக் கோப்பது அந்தக் காலத்தில் எல்லா எழுத்தாளர்களுக்கும் நடந்ததுதான். இரண்டாவது, மேபல் டாட் செய்த வேலையை இரண்டு வரியில் தள்ளிவிடாதீர்கள். அந்தக் கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, தட்டச்சு செய்தும் கையால் எழுதியும் நூற்றுக்கணக்கான கவிதைகளைப் படியெடுத்தவர் அவர். அந்த உழைப்பு இல்லையென்றால் அந்தச் சிற்றேடுகள் எந்தப் பரணில் மக்கிப் போயிருக்குமோ தெரியாது. மூன்றாவது, 1890இன் வாசகர்கள் அந்தத் தொகுப்பை அள்ளிக்கொண்டார்கள். அது மீண்டும் மீண்டும் அச்சானது. கோடும் குறையோசையுமாக ('ரிங்', 'சன்' போல முழுதாக இயையாத ஓசை) வந்திருந்தால் ஒரு பதிப்போடு முடிந்திருக்கும்.

ஏடுபுரட்டி (புதன், காலை 6.20)

ஐயா, உங்கள் தாயாரின் நினைவோடு கலந்த ஒன்றைப் 'போலி' என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மேபல் டாட்டின் உழைப்பையும் மறுக்கவில்லை. ஆனால் 'கை வழக்கம்' என்கிறீர்களே, அதற்கு டிக்கின்சனே பதில் எழுதி வைத்திருக்கிறார்.

1866 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன் நாளிதழ் அவருடைய பாம்புக் கவிதையை வெளியிட்டது. புல்லுக்குள் நழுவும் ஒரு மெலிந்த ஆள் என்று பாம்பைச் சொல்லும் கவிதை. மூன்றாவது அடி, நீங்கள் அவனைச் சந்தித்திருக்கலாம் என்று தொடங்குகிறது. அடுத்து ஒரு கோடு. அதன்பின் வரும் சொற்கள் நான்காவது அடிக்குள் ஓடுகின்றன: சந்தித்ததில்லையென்றால், அவன் வருகை திடுமென்று இருக்கும். நாளிதழ்க்காரர்கள் மூன்றாவது அடியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியைப் போட்டார்கள். 'சந்தித்திருக்கலாம், இல்லையா?' என்று அந்த அடி அங்கேயே முடிந்துவிட்டது. 'இல்லையென்றால்' என்பது 'இல்லையா?' ஆயிற்று.

இதைப் பார்த்த டிக்கின்சன் ஹிக்கின்சனுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கவிதை தன்னிடமிருந்து பறிக்கப்பட்டது என்றும், நிறுத்தக்குறியால் மூன்றாவது அடி தோற்கடிக்கப்பட்டது என்றும், மூன்றும் நான்கும் ஒரே அடி என்றும் எழுதினார். ஒரே ஒரு கேள்விக்குறிக்காக! குறிகளைக் கை போன போக்கில் இட்டவர் எழுதும் கடிதமா இது? இதில் என்னால் தாங்க முடியாதது ஒன்று உண்டு: அந்தக் கடிதத்தைப் பெற்ற அதே ஹிக்கின்சன்தான் 24 ஆண்டுகள் கழித்து அவருடைய குறிகளைத் திருத்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

கரிசல்வாசகி (புதன், காலை 7.05)

இந்தக் கடிதச் செய்தி எனக்குப் புதிது. இன்று பஸ்ஸில் போகும்போது பாம்புக் கவிதையை இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்க்கப் போகிறேன்.

தறிநூல் (புதன், பிற்பகல் 1.44)

இருவருமே 'பாடம்' என்று ஒன்று உறுதியாக இருப்பதுபோலப் பேசுகிறீர்கள். கைப்பிரதிகளின் படங்கள் 2013 முதல் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

சில சொற்களின் மேல் டிக்கின்சன் ஒரு சிறிய கூட்டல் குறி இட்டிருப்பார். பக்கத்தின் அடியில் அதே குறியோடு மாற்றுச் சொற்கள் இரண்டு, மூன்று இருக்கும். எதையும் அடித்திருக்க மாட்டார். சுவடிப் பதிப்புகளில் நாம் காணும் பாடபேதம் பல கைகள் படியெடுத்ததால் வந்தது. இங்கே கவிஞரே பேதங்களைத் தம் கையால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்தது அந்தக் கோடு. அச்சில் எல்லாம் ஒரே நீளத்தில் படுத்திருக்கின்றன. கைப்பிரதியில் சில வெறும் புள்ளி அளவு, சில மேல்நோக்கிச் சாய்கின்றன, சில கீழ்நோக்கி. 1955இல் தாமஸ் ஜான்சன் 1,775 கவிதைகளை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தபோதும், 1998இல் ஃபிராங்க்ளின் 1,789 கவிதைகளோடு மறுபடியும் பதிப்பித்தபோதும் அவர்களும் தேர்ந்தெடுக்கத்தான் செய்தார்கள். அச்சு என்றாலே ஒருவர் கை பட்டதுதான்.

வெண்கல் அறைகளில் பத்திரமாகத் துயிலும் இறந்தவர்களைப் பற்றிய கவிதை இன்னும் நல்ல சான்று. அதன் இரண்டாம் பத்திக்கு டிக்கின்சன் பல வடிவங்கள் எழுதினார். 1861இல் அண்ணி சூசனுக்கு அனுப்பி, அவர் நிறைவில்லை என்றதும் வேறொன்று எழுதி அனுப்பினார். 1890 தொகுப்பில் ஒன்றுக்கு மாற்றாக எழுதிய இரண்டு பத்திகளையும் அடுத்தடுத்து அடுக்கி ஒரே கவிதையாக்கிவிட்டார்கள். அதைக் கண்டிக்கலாம். ஆனால் 'சரியான' இரண்டாம் பத்தி எது என்று என்னைக் கேட்டால் என்னிடம் விடை இல்லை.

பழையபள்ளி (புதன், மாலை 5.15)

தறிநூல் சொன்னது எனக்கே துணை. எல்லாப் பதிப்பும் கை பட்டதுதான் என்றால், மேபல் டாட்டின் கை மட்டும் என்ன பாவம் செய்தது? ஜான்சனுக்கு மன்னிப்பு, அவருக்கு இல்லையா?

சந்தத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லையே. இது தேவாலயத் துதிப்பாடலின் சந்தம். எட்டு அசை, ஆறு அசை, மறுபடி எட்டு, ஆறு. டிக்கின்சன் அந்தத் துதிகளைக் கேட்டு வளர்ந்தவர். கோட்டுக்குக் கோடு நின்று நின்று படிக்கும் மாணவனுக்கு அந்த ஓட்டம் காதில் விழுவதே இல்லை. வகுப்பில் நான் கண்கூடாகக் கண்டது இது. 1890 பாடத்தைக் கொடுத்தால் இரண்டாவது முறையே கூட்டாகச் சொல்லிவிடுவார்கள்.

ஏடுபுரட்டி (புதன், இரவு 9.38)

வேறுபாடு இதுதான், ஐயா. ஜான்சன் டிக்கின்சன் எழுதிய சொற்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தார். 1890இன் பதிப்பாசிரியர்கள் அவர் எழுதாத சொல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். 'பாடம் முடிந்தது' என்ற அடிக்கு எந்தக் கூட்டல் குறியும் இல்லை.

சந்தம் பற்றி நீங்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்தச் சந்தம் காதில் ஓடிக்கொண்டிருக்கும்போது கோடு குறுக்கே விழுவதால்தானே அடி அதிர்கிறது? ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதிர்ச்சியை எடுத்துவிட்டால் துதிப்பாடல்தான் மிஞ்சும்.

இனி நான்காம் பத்திக்கு வருகிறேன். மூன்றாம் பத்தியின் கடைசியில் 'மறையும் சூரியனைக் கடந்தோம்' என்கிறாள். அடுத்த நொடியே தன்னைத் திருத்திக்கொள்கிறாள்: இல்லை, அவன்தான் எங்களைக் கடந்தான். பனி இறங்குகிறது, குளிர் நடுக்குகிறது. உடுத்தியிருப்பதோ சிலந்தி இழை போன்ற மெல்லிய அங்கி. தோளில் கிடப்பதோ வலைத்துணி. மணப்பெண்ணுக்கும் பொருந்தும், பிணத்துக்கும் பொருந்தும் உடை. தான் நகர்கிறோம் என்று எண்ணியிருந்தவளுக்குத் தான் நகரவில்லை என்று தெரியும் இடம் இது. உடம்புக்குக் குளிர் தெரியும் ஒரே இடமும் இதுதான். 1890 தொகுப்பில் இந்தப் பத்தியே இல்லை. சூரியனிலிருந்து நேரே புதைகுழிக்கு வண்டி போய்விடுகிறது.

ஐந்தாம் பத்தியில் அந்தப் புதைகுழியை வீடு என்கிறாள். நிலத்தில் ஒரு வீக்கம் போலத் தெரிகிற வீடு. இரண்டாவது அடியும் 'நிலம்' என்று முடிகிறது, நான்காவது அடியும் 'நிலம்' என்றே முடிகிறது. ஒரே சொல் இருமுறை வந்தது குறை என்று கருதி, கடைசிச் சொல்லை 'மேடு' என்று மாற்றினார்கள். ஆங்கிலத்தில் 'கிரவுண்ட்', 'மவுண்ட்' என்று அழகாக இயைகிறது. ஆனால் அந்த இடத்தில் மண்ணைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்பதால்தானே அவர் மறுபடியும் அதே சொல்லுக்குப் போனார்?

இருகரை (வியாழன், காலை 11.02)

மொழிபெயர்க்கிறவன் என்ற முறையில் ஒரு சொல். அந்த நான்காம் பத்தியின் முதல் அடியைத் தமிழில் இப்படி வைத்துப் பார்த்தேன்:

இல்லை – அவன் எம்மைக் கடந்தான் –

கோட்டை எடுத்துவிட்டு 'இல்லை, அவன் எம்மைக் கடந்தான்' என்றும் எழுதிப் பார்த்தேன். காற்புள்ளி போட்டதும் அது விளக்கம் ஆகிவிடுகிறது. கோடு இருக்கும்போது அவள் நாக்கு ஒரு கணம் நிற்கிறது. எனவே மரணக் கவிதையில் ஏடுபுரட்டியின் பக்கம்தான் நான். ஆனால் எல்லாக் கோட்டையும் தமிழுக்குக் கொண்டுவர முடியாது. நம் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து தானே நிறுத்திவிடுகிறது, அதன்மேல் கோடும் போட்டால் இரட்டைப் பூட்டு. பாதியை எடுக்க வேண்டியிருக்கிறது. எடுக்கும்போதெல்லாம் மேபல் டாட்டின் நிலை எனக்குப் புரிகிறது.

கரிசல்வாசகி (வியாழன், இரவு 8.20)

ஒரு சந்தேகம். இவ்வளவு மாற்றம் செய்த பழைய பாடம் ஏன் இணையத்தில் இத்தனை இடங்களில் கிடைக்கிறது?

தறிநூல் (வியாழன், இரவு 8.41)

காப்புரிமைதான். 1890களின் தொகுப்புகள் பொதுவுடைமை ஆகிவிட்டன. ஜான்சன், ஃபிராங்க்ளின் பாடங்களுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகம் உரிமை கொண்டாடுகிறது. இலவசமாகத் தரும் தளங்கள் பழையதையே எடுத்துப் போடுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு முதலில் கிடைக்கும் டிக்கின்சன் இன்றும் 1890இன் டிக்கின்சன்தான்.

கரிசல்வாசகி (ஞாயிறு, காலை 9.30)

நேற்று இரண்டையும் படித்தோம். முதலில் பழைய பாடத்தை ஒருவர் உரக்க வாசித்தார். பழையபள்ளி ஐயா சொன்னது உண்மை, ஓட்டம் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு கைப்பிரதிப் பாடம். நான்காம் பத்தியில் வாசித்தவர் தாமாகவே குரலைத் தாழ்த்திவிட்டார். எங்கள் வட்டத்தில் செவிலியராக இருக்கும் ஓர் அக்கா, கடைசி மூச்சின்போது நோயாளிகள் 'குளிர்கிறது, போர்த்திவிடு' என்று கேட்பதுண்டு என்றார். அதற்கு மேல் பத்து நிமிடம் யாரும் இலக்கியம் பேசவில்லை.

பழையபள்ளி (ஞாயிறு, இரவு 7.50)

அந்தச் செவிலியர் அம்மாவின் சொல்லை நான்கைந்து முறை படித்தேன். என் தாயாரும் கேட்டார். நான்தான் போர்த்திவிட்டேன்.

நான்காம் பத்தியை நீக்கியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். அதை ஒரு தாளில் எழுதி என் பழைய புத்தகத்தில் உரிய இடத்தில் செருகி வைத்திருக்கிறேன். கோடுகளோடுதான் எழுதினேன். 'மேடு' என்ற சொல்லை மாற்றவில்லை. தலைப்பையும் அடிக்கவில்லை. அவற்றோடு ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டேன்.

ஏடுபுரட்டி (ஞாயிறு, இரவு 8.15)

தலைப்பு அவருடையது அல்ல, ஐயா. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தாளை நீங்கள் உங்கள் கையால் எழுதிச் செருகியதை எண்ணும்போது மனம் நிறைகிறது. முடிந்தால் கைப்பிரதிப் படத்தில் அந்தப் பக்கத்தையும் பாருங்கள். கோடுகள் எவ்வளவு சிறியவை என்று தெரியும்.