ஆயுத மோட்டாருக்கு நடுவே ஆர்டுயினோ: டிரான்ஸ்மிட்டரை அணைத்தும் மோட்டார் நிற்கவில்லை

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்):
வணக்கம். 454 கிராம் எடைப் பிரிவுக்காகச் சுழல்தகடு பொருத்திய சண்டை ரோபோ ஒன்றைச் செய்துவருகிறேன். ரிசீவருக்கும், தகட்டைச் சுழற்றும் ஆயுத மோட்டாரின் இஎஸ்சிக்கும் (வேகக் கட்டுப்படுத்தி) நடுவே ஆர்டுயினோ நானோ என்ற சிறு நிரல்பலகையை வைத்து, ரிசீவர் அனுப்பும் மின்துடிப்பின் நீளத்தைப் பல்ஸ்இன் கட்டளையால் படித்து, துடிப்புகளை உருவாக்கும் சர்வோ லைப்ரரி வழியாக இஎஸ்சிக்கு அனுப்புகிறேன். நேற்று தகட்டைக் கழற்றிவிட்டுச் சோதித்தபோது, டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகும் மோட்டார் சுழன்றுகொண்டே இருந்தது. ரிசீவரை இஎஸ்சியில் நேரடியாக இணைத்தால் நின்றுவிடுகிறது. தவறு எங்கே?

பதில் 1:
தகட்டைக் கழற்றிவிட்டுச் சோதித்தது நல்லதாயிற்று. நேரடி இணைப்பில் நிற்பதும் நானோ வழியாக நிற்காததும் சேர்ந்து, உங்கள் ரிசீவர் தொடர்பு அறுந்ததும் துடிப்பையே நிறுத்திவிடும் வகை என்பதைக் காட்டுகின்றன. துடிப்பு வராவிட்டால் இஎஸ்சி தானாகவே மோட்டாரை நிறுத்தும். ஆனால் சர்வோ லைப்ரரி டைமர் இன்டரப்டில் (முதன்மை நிரலை இடைமறித்துக் குறித்த நேரத்தில் தானே இயங்கும் முறை) இயங்குவதால், ரிசீவர் மௌனமானாலும், ஏன், உங்கள் நிரல் எங்கேனும் சிக்கி உறைந்தே போனாலும், கடைசியாகக் கொடுத்த மதிப்பை 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும்; இஎஸ்சியும் எல்லாம் ஒழுங்காக நடப்பதாக நம்பிவிடும். துடிப்பு கிடைக்காதபோது பல்ஸ்இன் 0 என்று திருப்பித் தரும். அந்த 0-வை உங்கள் நிரல் புறக்கணிக்கிறதா?

கேள்வி கேட்டவர்:
ஆம் அண்ணா. 1000 முதல் 2000 மைக்ரோவிநாடிக்கு வெளியே வரும் மதிப்புகளை ஒதுக்கிவிட்டுப் பழைய மதிப்பையே வைத்திருந்தேன்.

பதில் 1:
அதுதான் காரணம். பல்ஸ்இன் இயல்பாக 1 விநாடி வரை காத்திருக்கும். அதை 30 மில்லிவிநாடியாகக் குறையுங்கள். செல்லாத மதிப்பு தொடர்ந்து சில முறை வந்தால் சர்வோவை டிடாச் செய்துவிடுங்கள்; இஎஸ்சிக்குப் போகும் துடிப்பு நின்றுவிடும். நிரல் உறைந்தால் பலகையை ரீசெட் செய்து மீட்பதற்கு வாட்ச்டாக் டைமரை 250 மில்லிவிநாடிக்கு வையுங்கள். பழைய பூட்லோடர் (பலகை தொடங்கும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) உள்ள நானோ, வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பின் ஓயாத ரீசெட்டில் சிக்கிக்கொள்ளும் என்பதால் முதலில் ஆப்டிபூட் என்ற பூட்லோடரை ஏற்றிக்கொள்ளுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு, திராட்டில் (வேகக் குச்சி) கீழே இருப்பதை ஒரு விநாடியாவது கண்ட பின்னரே ஆயுதத்துக்கு அனுமதி தரவேண்டும்.

பதில் 2:
தம்பி, நிரலை எவ்வளவு திருத்தினாலும், பேட்டரிக் கம்பியில் கையால் பிடுங்கி மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடிய லிங்க் ஒன்று இருக்கட்டும். அதற்கான கனெக்டர்கள் சிங்கப்பூரின் சிம் லிம் டவரில் கிடைக்கும். தகட்டை மாட்டிய பிறகு பாலிகார்பனேட் பெட்டிக்குள் மட்டுமே ஓட்டுங்கள், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வேண்டவே வேண்டாம். லிங்கைத் தகட்டுக்கு எதிர்ப்புறம் பொருத்துங்கள். என் முதல் ரோபோவில் அது தகட்டை ஒட்டியே இருந்ததால், சுழலும்போது அதைத் தொட எவருக்கும் துணிவு வரவில்லை.