சயாம் மரண ரயில் குறும்படம்: பி12 தரத்துக்குள் எடுக்க முடியுமா?

லயத்து விளக்கு

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போடவைத்த சயாம் மரண ரயில்பாதையைப் பற்றி 25 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் படிவம் 1, 2 மாணவர்களுக்கும் மண்டபத்தில் போட்டுக் காட்டத்தான். கதையில் மூன்று இடம் உதைக்கிறது: காவலன் ஒரு தொழிலாளியை அடிப்பது, காலரா கொட்டகை, தப்பி ஓடுகிறவரைச் சுடுவது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் வெட்டிக்கொள்ளலாமா, எழுதும்போதே குறைக்க வேண்டுமா? ரத்தம் எவ்வளவு தாங்கும்?

கித்தா மரம்

தம்பி, முதலில் தரம். 2023இலிருந்து இங்கே திரைப்படத் தணிக்கை வாரியம் கொடுக்கும் தரம் யு (எல்லோருக்கும்), பி12, 13, 16, 18 என்று ஐந்து. பி12 என்றால் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம். 13 என்றால் 13 வயதிலிருந்துதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த வருடம்தான் 12 ஆகிறது. 13 கொடுத்துவிட்டால் உங்கள் கூட்டத்தில் பாதி வெளியே நிற்கும். அதனால் இது கதை எழுதும் மேசையிலேயே முடிவாக வேண்டிய விஷயம்.

பிறகு வெட்டலாம் என்று எடுத்தால் அடி, அலறல், ரத்தம் மூன்றும் ஒரே ஷாட்டில் மாட்டிக்கொள்ளும். நடுவில் 2 நொடியை உருவினால், நின்றிருந்த ஆள் திடீரென்று தரையில் கிடப்பான். எனவே துண்டு துண்டாக எடுங்கள். காவலனின் கை மேலே போவது, இடுப்புக்கு மேல் மட்டும். வரிசையில் நிற்கும் கிழவரின் முகம். தகரக் குவளை மண்ணில் உருள்வது. கடைசியில் ஒருவன் ஈரத்துணியால் முதுகை ஒற்றுவது, அதுவும் தூரத்திலிருந்து. தடி உடம்பில் படும் ஷாட்டே வேண்டாம். மூன்று அடியோடு நிறுத்துங்கள். அடி கூடக் கூட அது வதைக் காட்சியாகிவிடும், தரமும் ஏறும்.

சத்தத்தை மறந்துவிடாதீர்கள். படத்தில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் எலும்பு முறிகிற சத்தம் போட்டால் காட்சி இரண்டு மடங்கு கொடூரமாகும். அடிச் சத்தத்தைத் தனி டிராக்கில் வையுங்கள். வாரியம் ஏதாவது சொன்னால் அதை மட்டும் இறக்கலாம்.

ரத்தம்: சோளப் பாகு 1 கப், வெதுவெதுப்பான தண்ணீர் கால் கப், சிவப்புச் சாயம் 1 தேக்கரண்டி, நீலம் 2 சொட்டு, கொக்கோ தூள் 1 தேக்கரண்டி. கொக்கோவை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் பாகில் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். நீலம் சேர்க்காமல் விட்டால் வெயிலில் ரோஸ் சிரப் மாதிரி தெரியும். உங்களுக்கு வேண்டியது காய்ந்த ரத்தம்தான். கொக்கோவை இரண்டு கரண்டியாக்குங்கள். பழுப்புக் கறை கண்ணை உறுத்தாது, பளிச்சென்ற சிவப்பு உறுத்தும். சுத்தமான டேக் முதலில், கறை டேக் பிறகு. அப்படியும் உடுப்பு இரண்டு செட் வையுங்கள்.

செம்பனை ரோடு

அண்ணன் சொன்ன வேலை முறை சரி. ஆனால் ரத்தத்தைக் குறைத்தால் பிள்ளைகளுக்கு ஏற்ற படம் என்று கணக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவில் பிஜி-13 (13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்ற தரம்) வந்தது 1984 ஜூலையில். அந்தத் தரத்தோடு முதலில் திரைக்கு வந்த படமே ஒரு போர்ப்படம், 'ரெட் டான்'. அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. எத்தனை பேரை வேண்டுமானாலும் சுடலாம், காயத்தை மட்டும் காட்டாதே. 2013இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஆய்வுப்படி, பிஜி-13 படங்களில் துப்பாக்கி வன்முறை 1985இலிருந்து மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. சுட்டால் பொத்தென்று விழுவான், வலி கிடையாது, அழ ஆள் கிடையாது. பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பொய் வேண்டுமா?

'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) ஓமாஹா கடற்கரைச் சண்டையை 20 நிமிடத்துக்கு மேல் சதையும் மணலுமாகக் காட்டி ஆர் (17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவரோடுதான் பார்க்கலாம்) வாங்கியது. 'டன்கிர்க்' (2017) கிட்டத்தட்ட ரத்தமே இல்லாமல் பிஜி-13 வாங்கியது, ஆனால் விளையாட்டாக இல்லை. தண்ணீர் ஏறுகிறது, கதவு திறக்கவில்லை, விமானச் சத்தம் கிட்டே வருகிறது. பயத்தை நேரத்தில் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிறவர் காட்டுக்குள் மறையட்டும், வெடிச் சத்தம் ஒன்றே ஒன்று. பிறகு 15 நொடி பூச்சிச் சத்தம் மட்டும். அடுத்த காலை பேர் கூப்பிடும்போது அவர் பேருக்குப் பதில் வராது. துப்பாக்கியும் குண்டு படுவதும் ஒரே ஃபிரேமில் வரவே வேண்டாம்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2011இலிருந்து கேளிக்கை வரி விலக்குக்கு யு சான்றிதழ் கட்டாயம் என்றார்கள். 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை யு வாங்குவதற்காகவே வெட்டிய படங்கள் உண்டு. தரத்தை முடிவு செய்ததே வரிக் கணக்கு.

வெண்கட்டி

காலராவைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் உங்கள் படத்தின் உயிர். அதற்கு ஒரு சொட்டு ரத்தம் தேவையில்லை. காலராவில் போவது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்த நீர். ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் வைத்து வேகவிட்டு, வடித்து, ஆறவிடுங்கள். கொட்டகை ஓரத்தில் தகர டின் கவிழ்ந்து அது மண்ணில் ஓடுவது ஒரு ஷாட் போதும்.

நோயாளி முகத்துக்குக் கண் குழியில் பழுப்பு நிழல், உதட்டில் மாவுப் பசை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டால் வெடிப்பு விழும். நீர்ச்சத்து போனவர் உடம்பில் வேர்வை இருக்காது. இங்கே வெயிலில் நடிகருக்கு ஊற்றும். அந்தக் காட்சியைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பிணம் எரிப்பதில் முகம் தெரியக்கூடாது. புகையும், பார்த்து நிற்பவர்கள் மேல் விழும் வெளிச்சமும் போதும். வாரியம் பார்க்கும் நான்கில் சமயமும் ஒன்று (மற்றவை பொது ஒழுங்கு, சமூகப் பண்பாடு, ஒழுக்கம்). அதனால் சடங்கை அவசரமாகக் காட்டி ஒருவர் மனம் புண்பட விடாதீர்கள். கோவணத்தோடு வரும் ஆண்களை இடுப்புக்கு மேல் எடுத்தால் போதும்.

எண்ணிக்கையை ஆரம்ப எழுத்தில் போட்டுவிடுங்கள்: 415 கிலோமீட்டர், 1942-43, போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள், ஆசியத் தொழிலாளர் சாவு ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். எழுத்துக்கு யாரும் 16 கொடுக்கமாட்டார்கள்.

லயத்து விளக்கு

ரொம்ப நன்றி டீச்சர், அண்ணன்மார்களே. சுடும் காட்சியை அப்படியே மாற்றிவிட்டோம். பாகு ரத்தத்துக்கு எறும்பு மொய்க்காதா? துப்பாக்கிக்கு என்ன செய்வது?

கித்தா மரம்

மொய்க்கும், அதுவும் ரப்பர் காட்டில் ஐந்தே நிமிடத்தில். போத்தலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். தரையில் கிடப்பவருக்குப் பாகை விட்டுவிட்டு, சோளமாவைத் தண்ணீரில் காய்ச்சிச் சாயம் கலந்து பூசுங்கள். பளபளப்பு குறையும், காய்ந்த கறைக்கு அது நல்லதுதான்.

துப்பாக்கி மரத்தில் செதுக்கியதே போதும், ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) பக்கம் போகவே வேண்டாம். மரத்துப்பாக்கியானாலும் எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை என்று போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். ரோட்டிலிருந்து பார்க்கிறவருக்கு அது மரம் என்று தெரியாது. இன்னொன்று, பின்னணியில் செம்பனை (எண்ணெய்ப் பனை) விழாமல் பாருங்கள். அந்தக் காலத்துத் தோட்டம் என்றால் பால்மரம்தான் (ரப்பர் மரம்) கண்ணில் நிற்க வேண்டும்.