கடலும் வேண்டும், தீவில் ஒரு வீடும் வேண்டும்: இது ஆசையா, கோளாறா?

கால்தரிக்காதவன் | சனி இரவு 11:42

மும்பைத் தமிழர்கள் யாராவது விழித்திருந்தால் படியுங்கள். வயது 43. முலுண்டில் சொந்த ஃபிளாட், கடன் அடைந்து எட்டு மாதம் ஆகிறது. கடன் முடிந்த அன்றைக்குத்தான் இந்த நோய் முற்றியது என்று நினைக்கிறேன்.

ஆபீஸ் பல்லார்ட் எஸ்டேட்டில். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் மட்டும் துறைமுகம் ஒரு கீற்றாகத் தெரியும். தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்கள் காலையில் ஒரு பக்கம் முகம் வைத்து நிற்கும். மத்தியானம் டப்பாவைக் காலி பண்ணிவிட்டு வந்து பார்த்தால் அத்தனையும் மறுபக்கம் திரும்பியிருக்கும், சொல்லிவைத்த மாதிரி. அதைப் பார்ப்பதற்காகவே தேவையில்லாத காகிதங்களை நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் கால் தரிக்காது. பத்தொன்பது வருடத்தில் ஆறு கம்பெனி மாறியாயிற்று. மூன்று வருடத்துக்கு முன் கொச்சியிலிருந்து கப்பலில் லட்சத்தீவு போனேன். கவரத்தியில் ஒரு தென்னை மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து எழுந்து வரவே இல்லை போல இருக்கிறது.

திட்டம் இதுதான்: பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொள்வது, ஃபிளாட்டை வாடகைக்கு விடுவது, ஏதாவது ஒரு தீவில் சின்னதாக ஒரு வீடு. அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் இதே மும்பையிலிருந்து தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் கிளம்பி, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 2013இல் இங்கேயே வந்து இறங்கினார். இந்தியர்களில் அப்படிச் செய்த முதல் ஆள். நான் உலகத்தை எல்லாம் கேட்கவில்லை.

வீட்டில் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வடாபாவ் | சனி இரவு 11:50

முதலில் தாதரில் கூட்டம் பிதுங்கும் விரார் ஃபாஸ்ட் ரயிலில் ஏறி, போரிவலியில் இறங்கிக் காட்டுங்கள். கடல் எல்லாம் சும்மா.

பாம்பன்காரன் | ஞாயிறு காலை 6:15

நான் தீவில் பிறந்தவன். பெயரைப் பார்த்தாலே தெரியும். தாராவிக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

நீங்கள் தென்னை மரத்தடியில் உட்கார்ந்த இரண்டு மணி நேரம் தீவு இல்லை. தீவு என்றால் தண்ணீர். நாலு பக்கமும் தண்ணீர் இருக்கிறதே, அது இல்லை. குடிக்கிற தண்ணீர். சின்ன வயதில் தனுஷ்கோடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் மணலில் கையாலேயே ஊற்று தோண்டுவோம். கடலிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் ஊறுவது நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசு, அதனால் மணலுக்கடியில் அதன் மேலே மிதந்துகொண்டிருக்கும். கொட்டாங்கச்சியால் மெதுவாக அள்ள வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ ஒரேயடியாக இறைத்தாலோ உப்பு ஏறிவிடும். அத்தை தலையில் குட்டுவாள். குடம் நிறைய முக்கால் மணி நேரம். உங்கள் கவரத்தியிலும் இதே கதைதான். 2005இல் சென்னையில் இருக்கும் என்ஐஓடி என்ற கடல் தொழில்நுட்ப நிறுவனத்து விஞ்ஞானிகள் ஆழ்கடலின் குளிர்ந்த நீரை மேலே இழுத்து, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்தார்கள். எதற்காக வைத்தார்கள் என்று யோசியுங்கள்.

அடுத்தது வழி. எங்கள் ஊருக்கு 1988இல் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை ரயில்தான். எனக்கு அப்போது ஏழு வயது. 1964 புயலில் தனுஷ்கோடியே போனது, ஒரு பயணிகள் ரயிலை ஆளோடு சேர்த்துக் கடல் கொண்டுபோனது. இதெல்லாம் பாட்டி காலம் என்பீர்கள். சரி, 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தை மூடினார்கள். புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். இரண்டேகால் வருடம் ரயில் பாலத்துக்கு முந்தைய மண்டபம் ஸ்டேஷனோடு நின்றது. அதற்குள் இரண்டு தடவை ஊருக்குப் போனேன். சாமான் மூட்டையோடு மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தது எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. நீங்கள் இருப்பதே தீவுதான் அண்ணே. பம்பாய் ஏழு தீவு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். முலுண்ட் அந்த ஏழில் வராது, ஆனால் அது சாஷ்டித் தீவு. தானே கழிமுகம் ஒரு பக்கம், வசாய்க் கழிமுகம் ஒரு பக்கம். 43 வருடமாகத் தீவுவாசியாக இருந்துவிட்டுத் தீவுக்குப் போக வேண்டும் என்கிறீர்கள்.

கால்தரிக்காதவன் | ஞாயிறு காலை 9:05

சாஷ்டி விஷயம் நன்றாகக் குத்துகிறது. ஆனால் ஐரோலி பாலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது யாருக்காவது 'ஆகா, கடல் தாண்டுகிறேன்' என்று தோன்றுமா? கடலைத் தூர்த்துத் தூர்த்து ஒட்டிய பிறகு அது தீவு இல்லை, வெறும் வரைபடம்.

ஊற்றுத் தண்ணீர் பற்றி எழுதியதைப் படித்ததும் ஆசை கூடத்தான் செய்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாம்பன்காரன் | ஞாயிறு காலை 9:11

தெரியும். எழுதும்போதே நினைத்தேன்.

ரிட்டயர்டு செகண்ட் | ஞாயிறு காலை 10:30

செம்பூர். கப்பல் இன்ஜின் அறையில் 26 வருடம், செகண்ட் இன்ஜினியராக ஓய்வு.

தம்பி, முதலில் உங்கள் ஜன்னல். கப்பலை யாரும் திருப்பவில்லை. ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் கப்பல் நீரோட்டம் வரும் திசைக்கு முகம் காட்டும். ஏற்றத்தில் தண்ணீர் துறைமுகத்துக்குள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும், ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். அதோடு எல்லாக் கப்பலும் சுற்றும். அவ்வளவுதான் ரகசியம்.

கடலைப் பார்க்கத்தான் நானும் கப்பலுக்குப் போனேன். பார்த்தது 45 டிகிரி சூட்டில் ஜெனரேட்டரும் பியூரிஃபையரும். ராட்டர்டாம் எப்படி இருக்கும் என்று கேட்டால் கிரேன் மாதிரி இருக்கும் என்பேன். கன்டெய்னர் கப்பல் ஒரு நாள் நின்றாலே அதிகம், அந்த நேரத்தில்தான் ஸ்பேர் பார்ட்ஸ் வரும், எண்ணெய் ஏற்ற வேண்டும், இன்ஸ்பெக்டர் வருவார். 2020இல் கொரோனாவில் என் கடைசி கான்ட்ராக்ட் ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது, பதிமூன்று மாதம் ஆனது. எந்தத் துறைமுகமும் இறங்க விடவில்லை. அந்த வருடக் கடைசியில் எங்களைப் போல நான்கு லட்சம் பேர் கப்பலிலேயே மாட்டியிருப்பதாக ஐஎம்ஓ, அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பு, சொன்னது. சிங்கப்பூர் விளக்குகளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு மூன்று நாள் நின்றோம். எங்கள் மோட்டார்மேன் ஒருவர் தினமும் சாயங்காலம் ஷூவைப் பாலிஷ் போட்டு வைப்பார், இறங்கச் சொன்னால் உடனே போட்டுக்கொள்ள. கால் வைக்கத் தரை இல்லை.

கடல் ஆசைக்கு மருந்து, சம்பளத்துக்குக் கடலுக்குப் போவதுதான்.

காற்றுப்பக்கம் | ஞாயிறு மதியம் 2:48

செகண்ட் சார், மரியாதையோடு மறுக்கிறேன். நீங்கள் சொன்னது கப்பல் வேலை. அவர் கேட்பது பாய்ப்படகு. ரயிலில் கரி அள்ளிப் போட்டவர், நடைப்பயணம் வேண்டாம் என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

இரண்டு சீசனாகச் சின்னப் படகில் கற்றுக்கொள்கிறேன், இங்கே துறைமுகத்தில்தான். கால்தரிக்காதவன் சார், இது உங்களுக்கு: நேரே காற்றை எதிர்த்துப் பாய்ப்படகு போகாது. காற்று வரும் திசைக்கு இந்தப் பக்கம் ஏறக்குறைய 45 டிகிரி, அந்தப் பக்கம் 45 டிகிரி, அதற்குள் போனால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு படகு நின்றுவிடும். அதனால் கோணல்மாணலாக, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். குளிர்காலத்தில் இங்கே காலையில் நிலத்துக் காற்று லேசாக இருக்கும், படகு சுகமாக வெளியே போய்விடும். மத்தியானத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும். கேட்வே ஆஃப் இந்தியாவுக்குத் திரும்புவது அதற்கு எதிரே. போன ஞாயிறு வற்றமும் சேர்ந்துகொண்டது. தாஜ் ஓட்டல் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது, ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதே தூரத்தில் தெரிகிறது. ஒன்றரை மணி நேரம். உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு இன்னும் இருக்கிறது. பாம்பன் அண்ணன் ஊரில் குழந்தைக்கும் இது தெரிந்திருக்கும், எனக்கு 29 வயதில் தெரிந்தது.

வருடத்தில் நான்கு மாதம் மழைக்காலம், படகைக் கரையேற்றி வைத்துவிடுவோம். அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் வேலை தனி.

இதெல்லாம் தெரிந்தும் போகிறேன். ரூபா அழகிரிசாமி, நம் புதுச்சேரிக்காரர், தில்னாவோடு சேர்ந்து இரண்டே பேராகக் கடற்படையின் பாய்மரப் படகு தாரிணியில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார். எட்டு மாதம். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று சம்பளத்தை வைத்தா கணக்குப் போடுவது?

பாம்பன்காரன் | ஞாயிறு மாலை 4:20

தங்கச்சி சொன்னது உண்மை. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் எங்கள் அப்பா கடலுக்கே போக மாட்டார். ஆனால் ஒன்றைக் கவனி. ரூபாவோ அபிலாஷோ தீவில் வீடு கேட்கவில்லை. கிளம்பினார்கள், திரும்பினார்கள். இவர் கேட்பது ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு. படகு வேண்டும் என்கிறவன் கரையில் இருப்புக்கொள்ளாதவன். தீவில் வீடு வேண்டும் என்கிறவன் இனி நகர மாட்டேன் என்கிறவன். ஆறு கம்பெனி மாறியவர் தீவில் ஏழாவது மாதம் என்ன செய்வார்?

அதோடு எந்தத் தீவு? லட்சத்தீவில் வெளியாள் நிலம் வாங்க முடியாது, போவதற்கே பெர்மிட் வேண்டும். எலிஃபன்டா என்றால் கடைசிப் படகில் உங்களை ஏற்றி அனுப்பிவிடுவார்கள், வந்தவர்கள் ராத்தங்க வழியில்லை. அந்தத் தீவுக்கு மின்சாரம் வந்ததே 2018இல். கேட்வேயிலிருந்து ஒரு மணி நேரம், இரவில் மும்பை முழுக்க எரிவதைப் பார்த்துக்கொண்டு அந்த ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய்த் தீவு வாழ்க்கை பற்றிக் கேளுங்கள்.

கப்பல்காரர் வீட்டம்மா | ஞாயிறு இரவு 8:02

எல்லாரும் காற்று, நீரோட்டம் என்று அழகாகப் பேசுகிறீர்கள். 'வீட்டில் ஒப்பவில்லை' என்று இரண்டு சொல்லில் தாண்டிப் போனாரே, அதை ஒருவரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் சீஃப் ஆபீசர். வருடத்தில் ஏழு மாதம் கப்பல். இறங்கி வந்தால் பை பத்து நாள் ஹாலில் பாதி திறந்தபடியே கிடக்கும், பீரோவில் எடுத்து வைக்க மாட்டார். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார், கப்பலில் அவர் காவல் பார்க்கும் வாட்ச் நேரமாம். அடுக்களைக்கு வந்து எண்ணெய் டப்பாவை இடம் மாற்றி வைப்பார், நான் மறுபடி எடுத்து வைப்பேன். பெரியவன் பத்தாம் வகுப்பு எழுதினான், சின்னவளுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கியது, சொசைட்டியில் தண்ணீர்த் தகராறு, எல்லாம் அந்த ஏழு மாதத்தில்தான் வரும். அவராவது சம்பாதிக்கப் போகிறார். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றார்கள். திரவியத்தைக் கொடுத்துத் திரைகடல் ஓடு என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

சார், உங்கள் வீட்டில் ஒப்பாதது கடலையா, கடலில் அவங்களுக்கு இடம் இல்லை என்பதையா? கேட்டீர்களா?

கால்தரிக்காதவன் | ஞாயிறு இரவு 10:37

கேட்கவில்லை அக்கா.

இப்போதுதான் கேட்டேன், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். 'நீங்க ஃபிளாட்டை வாடகைக்கு விடறதா சொன்னீங்களே, என்னை எங்கே விடறதா இருந்தீங்க' என்றாள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. குழாயை மட்டும் வேகமாகத் திறந்தாள்.

பாம்பன் அண்ணன் சொன்ன இரண்டு ஆசை விஷயத்தை நாள் முழுக்க மறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆனால் அது கோளாறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கப்பல்கள் நங்கூரத்தில் நின்றபடியே திரும்புகின்றனவே, அப்படி ஒன்றைத்தான் கேட்கிறேனோ என்னவோ.

ரிட்டயர்டு செகண்ட் | ஞாயிறு இரவு 10:52

கவிதை வேண்டாம் தம்பி. காற்று பலமாக அடித்தால் நங்கூரம் பிடி விட்டு இழுபடும். அதற்காக ராத்திரி முழுக்க ஒரு ஆள் மேலே விழித்திருப்பான். உங்கள் வீட்டில் அது யார் என்று மேலே ஒரு அம்மா எழுதியிருக்கிறார்.

காற்றுப்பக்கம் | ஞாயிறு இரவு 11:04

சார், எல்லாரும் சேர்ந்து அவரை முலுண்டிலேயே கட்டிப் போட்டுவிடாதீர்கள். ஃபிளாட்டும் இருக்கட்டும், வேலையும் இருக்கட்டும். ஒரு சீசன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கற்றுக்கொள்ளட்டும். அக்காவையும் கூட்டி வரட்டும். எங்கள் படகில் சுக்கானை நன்றாகப் பிடிக்கிறவர் 57 வயது அம்மாள் ஒருவர், வீட்டுக்காரர் முன்பக்கம் அணியத்தில் உட்கார்ந்து திட்டு வாங்குவார்.

பாம்பன்காரன் | ஞாயிறு இரவு 11:10

இதை ஒப்புக்கொள்கிறேன். தீவு வீட்டை ஒப்புக்கொள்ளவில்லை.

கால்தரிக்காதவன் | திங்கள் இரவு 9:20

சமாதானம் பேசியாயிற்று. அடுத்த ஞாயிறு பாவ்சா தக்கா படகுத்துறையிலிருந்து காலைப் படகில் எதிர்க்கரை ரேவஸ் வரை இரண்டு பேரும் போய்விட்டு வருகிறோம். அவளுடைய நிபந்தனை: நான் அங்கே எந்த வீட்டு வாசலிலும் நின்று விலை கேட்கக் கூடாது. டாக்யார்ட் ரோடு ஸ்டேஷனில் எட்டு மணிக்குள் இறங்க வேண்டும்.

வடாபாவ் | திங்கள் இரவு 9:24

ஞாயிற்றுக்கிழமையா? பாதை பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் மெகாபிளாக் எங்கே என்று பார்த்தீர்களா? அநேகமாக மாட்டுங்கா – முலுண்ட்தான்.