கூழாங்கல் படுகை அடைக்கிறது: அகலவாட்டில் தண்ணீர் விடலாமா?

கோவையில் நொய்யல் படுகைக் குளம் ஒன்றின் வாய்க்கால் முகத்துவாரத்தில், கழிவுநீரை வடிகட்ட கல்வாழையும் சம்பும் நட்ட கூழாங்கல் படுகை இருக்கிறது. 12 மீ நீளம், 4 மீ அகலம், 60 செ.மீ ஆழம், 10–20 மி.மீ ஜல்லி. ஒரு நாளைக்குச் சுமார் 5,000 லிட்டர் வருகிறது. உள்நுழையும் நீரின் பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 200 மி.கி.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் முதல் 2 மீட்டரில் கருப்புச் சளி அடைத்து, தண்ணீர் மேலே தேங்கி அப்படியே குளத்துக்குள் வழிகிறது. நாற்றமும் கொசுவும் தாங்க முடியவில்லை.

முன்பகுதி ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட்டோம். இரண்டே மாதத்தில் மறுபடி அடைத்தது. நுழைவில் 40–80 மி.மீ கல் போட்டும், வெளியேறும் குழாயை இறக்கிப் படுகையைக் காயவிட்டும் பார்த்தாயிற்று. முன்னால் வண்டல் தொட்டியும் உண்டு, மாதம் ஒருமுறை தூர் வாருகிறோம். மண்ணை அது பிடிக்கிறது, கரைந்த கழிவைப் பிடிப்பதில்லை.

இப்போது தண்ணீர் 4 மீ பக்கத்திலிருந்து நுழைகிறது. கணக்குப்படி அந்த நுழைவு முகப்பில் (அகலம் × ஆழம்) சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 400 கிராமுக்கு மேல் பி.ஓ.டி. விழுகிறது, 250க்குள் இருக்க வேண்டும். 12 மீ பக்கம் முழுக்கத் துளைக்குழாய் வைத்து அங்கிருந்து விட்டால் 140 ஆகக் குறையும். ஆனால் தண்ணீர் கடக்கும் தூரம் 4 மீட்டர்தான்.

இப்படி அகலவாட்டில் மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? குறுக்குவழி ஓட்டம் (படுகை முழுக்கப் பரவாமல் ஒரே வழியாகத் தண்ணீர் ஓடிவிடுவது) இல்லாமல் 4 மீட்டரில் சுத்திகரிப்பு நடந்ததா?