ரீசெட் பண்ணினாலும் சென்சார் வரமாட்டேங்குது, கரண்ட் புடுங்கினா தான் வருது. ரீசெட்ல உள்ள என்ன தான் நடக்குது?

கேள்வி:
வணக்கம், ரெண்டு வாரமா இதுலயே சுத்திட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க. அர்டுயினோ ஊனோ போர்டு, சிப் ஏடிமெகா328பி. ரிலே வழியா ஒரு மோட்டார் ஓடுது, ஐ2சி-ல (டேட்டா, கிளாக்னு ரெண்டு லைன்ல சிப்புகள் பேசிக்கிற முறை) ஒரு டெம்பரேச்சர் சென்சார், மோட்டார் எத்தனை தடவை ஓடுச்சுன்னு ஒரு குளோபல் வேரியபிள்ல எண்ணிட்டு வர்றேன். மோட்டார் ஆன் ஆகுறப்ப சில தடவை போர்டு தானாவே ரீசெட் ஆகி கவுண்ட் பூஜ்யத்துக்கு போயிடுது. அது கூட பரவாயில்ல, அதுக்கப்புறம் சென்சார் பதிலே சொல்றதில்ல, புரோகிராம் அங்கேயே நின்னுடுது, ரீசெட் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் அதே கதை தான். ரீசெட்னா எல்லாமே மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும் தானே?

பதில் 1:
இல்லைங்க, அந்த நினைப்புல தான் சிக்கலே இருக்கு. ரீசெட் வந்ததும் சிப் செய்யுற வேலை ரொம்ப கம்மி: டைமர், போர்ட் மாதிரி ஐஓ ரெஜிஸ்டர்கள் (சிப்போட பாகங்களை கட்டுப்படுத்துற சின்ன மெமரி இடங்கள்) ஆரம்ப மதிப்புக்கு போகும், பின் எல்லாம் இன்புட் ஆகிடும், புரோகிராம் ஆரம்ப முகவரியில இருந்து ஓடும், அவ்வளவு தான். 2 கிலோபைட் ராமை அது தொடவே தொடாது. பின்ன கவுண்ட் ஏன் பூஜ்யம் ஆகுதுன்னா, உங்க மெயின் தொடங்குறதுக்கு முன்னாடி கம்பைலர் சேர்க்கிற ஸ்டார்ட்அப் கோடு ஒண்ணு ஓடும், அது தான் குளோபல் வேரியபிள் எல்லாத்தையும் துடைச்சு ஆரம்ப மதிப்பை போடுது. அந்த வேரியபிளை மட்டும் ஸ்டார்ட்அப் கோடு துடைக்காத நோஇனிட் செக்‌ஷன்ல வச்சீங்கன்னா பட்டன் அமுக்கினாலும் மதிப்பு நிக்கும். ஆனா கரண்ட் போய் வந்தா அதுல கண்ட கண்ட நம்பர் இருக்கும், அதனால கூடவே ஒரு செக்சம் (மதிப்பு கெடலைன்னு சரிபார்க்கிற எண்) வச்சு சரியா இருந்தா மட்டும் நம்புங்க. கரண்ட் போனாலும் கவுண்ட் வேணும்னா ஈஈப்ராம் தான், ஒரு இடத்துல 1,00,000 தடவை எழுதலாம், நாளைக்கு 50 தடவைன்னாலும் அஞ்சு வருஷத்துக்கு மேல தாங்கும்.

பதில் 2:
மேல சொன்னவர் சிப்புக்கு உள்ள நடக்கிறதை சரியா சொல்லிட்டார், உங்க சென்சார் விஷயம் வெளிய நடக்குது. மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆனது சென்சாருக்கு தெரியாதுங்க, அதுக்கு பவர் போகவே இல்லையே. அது ஒரு பைட்டை அனுப்பிட்டு இருக்கிற நடுவுல, சரியா ஒரு 0 பிட்டுக்காக டேட்டா லைனை கீழ இழுத்து வச்சிருக்கிற நேரத்துல உங்க போர்டு ரீசெட் ஆச்சுன்னா, அடுத்த கிளாக் வரும்னு அது அப்படியே லைனை பிடிச்சுட்டு காத்துட்டு இருக்கும். உங்க பக்கம் எழுந்து வந்து பார்த்தா லைன் கீழ கிடக்கு, பஸ் (அந்த ரெண்டு லைன்) பிஸின்னு இதுவும் காத்துட்டு நிக்கும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டு நிக்கிறாங்க, பட்டன் அமுக்கி என்ன பண்றது? ஐ2சி-யை தொடங்குறதுக்கு முன்னாடி கிளாக் பின்னை சாதாரண பின்னா வச்சு, டேட்டா லைன் மேல வர்ற வரைக்கும் அதிகபட்சம் 9 தடவை ஆட்டுங்க, அப்புறம் ஒரு ஸ்டாப் (பேச்சு முடிஞ்சதுங்கிற சிக்னல்) கொடுங்க. இதை எல்லா பிராஜெக்ட்லயும் போட்டு வைக்கிறது நல்லது, நான் ஒரு மாசம் தலையை பிச்சுக்கிட்டதுக்கப்புறம் தான் கத்துக்கிட்டேன்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும், 9 கிளாக் போட்டேன், சென்சார் இப்ப நிக்காம பதில் சொல்லுது. ஆனா ரீசெட் ஏன் ஆகுதுன்னு பார்க்க ரீசெட் காரணத்தை குறிச்சு வைக்கிற எம்சியுஎஸ்ஆர் ரெஜிஸ்டரை செட்டப்ல படிச்சேன், எப்பவும் 0 தான் வருது. அதோட ரீசெட் ஆகுறப்பெல்லாம் ரிலே ஒரு தடவை டிக்குன்னு அடிக்குது.

பதில் 1:
0 வர்றது பூட்லோடரால (உங்க கோடை சிப்புல ஏத்துற சின்ன புரோகிராம்). உங்க கோடுக்கு முன்னாடியே அது ஓடி அந்த ரெஜிஸ்டரை கிளியர் பண்ணிடும், அந்த பூட்லோடர் புது ஆப்டிபூட்னா பழைய மதிப்பை ஆர்2 ரெஜிஸ்டர்ல விட்டுட்டு போகும், அதை ரொம்ப ஆரம்பத்துலயே எடுத்து வச்சுக்கணும். பிட் 0 பவர் ஆன், 1 ரீசெட் பின், 2 பிரவுன்அவுட் (வோல்டேஜ் ரொம்ப இறங்கினா வர்ற ரீசெட்), 3 வாட்ச்டாக் (புரோகிராம் மாட்டிக்கிட்டா ரீசெட் பண்ற டைமர்). உங்களுக்கு பிரவுன்அவுட் தான் வரும்னு நினைக்கிறேன், மோட்டார் இழுக்கிற கரண்ட்ல 5 வோல்ட் சரியுது. இன்னொண்ணு, ஊனோல பிரவுன்அவுட் 2.7 வோல்ட்ல செட் பண்ணி வரும், ஆனா 16 மெகாஹெர்ட்ஸ்ல ஓட டேட்டாஷீட் படி கிட்டத்தட்ட 3.8 வோல்ட் வேணும். நடுவுல இருக்கிற இடத்துல சிப் ரீசெட்டும் ஆகாம சரியாவும் ஓடாம என்ன வேணாலும் பண்ணும், ஈஈப்ராம்ல தப்பா எழுதிடவும் வாய்ப்பு இருக்கு. சிப்போட ஃபியூஸ் செட்டிங்ல பிரவுன்அவுட்டை 4.3 வோல்ட்டுக்கு மாத்துங்க, மோட்டாருக்கு தனி சப்ளை கொடுங்க, கிரவுண்டை மட்டும் சேர்த்துக்கோங்க.

பதில் 3:
ரிலே டிக் அடிக்கிறது, பின் இன்புட்டா மிதக்கிறதால. டிரான்சிஸ்டர்ல ஓட்டினா பேஸ் பக்கம் 10 கிலோஓம் புல்டவுன் (கிரவுண்டுக்கு இழுக்கிற ரெசிஸ்டர்), லோ கொடுத்தா ஆன் ஆகுற மாட்யூல்னா புல்அப் (5 வோல்ட்டுக்கு இழுக்கிறது), அப்புறம் பின்னை அவுட்புட் ஆக்குறதுக்கு முன்னாடியே ஆஃப் மதிப்பை எழுதிடுங்க. பின்னாடி வாட்ச்டாக் போடுறதா இருந்தா ஒரு எச்சரிக்கை: வாட்ச்டாக் ரீசெட்டுக்கு அப்புறமும் அது ஓடிட்டே தான் இருக்கும், அதுவும் வெறும் 16 மில்லிசெகண்ட் டைம்அவுட்ல. மொதல் வேலையா எம்சியுஎஸ்ஆர்ல இருக்கிற வாட்ச்டாக் பிட்டை கிளியர் பண்ணி வாட்ச்டாக்கை நிறுத்தலைன்னா போர்டு முடிவே இல்லாம ரீசெட் ஆகிட்டே இருக்கும்.

கேட்டவர்:
ஆர்2-ல இருந்து எடுத்து பார்த்தேன், பிட் 2 தான். தனி சப்ளை போட்டு நேத்து ராத்திரி முழுக்க ஓட விட்டேன், ஒரு தடவை கூட ரீசெட் ஆகல. ஃபியூஸ் செட்டிங்கை இன்னைக்கு மாத்துறேன்.