புதுப்பிப்பு: வீட்டு சர்வரில் பிளேலிஸ்ட் ஓடாத சிக்கல் தீர்ந்தது

தக்கலை வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் பாட்டு சர்வரில் தனிப் பாட்டு பாடுகிறது, பிளேலிஸ்ட் மட்டும் ஓடவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது, உதவிய எல்லாருக்கும் நன்றி.

பட்டியல் கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் வழிகாட்டியது. உள்ளே பாதை எல்லாம் விண்டோஸ் கணினியின் டி டிரைவில் தொடங்கியது, தமிழ்ப் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். தமிழ் எழுத்தையும் சரியாகப் பதியும் யுடிஎஃப்-8 முறையில், எம்3யு8 என்ற பிளேலிஸ்ட் கோப்பாகத் திரும்ப எடுத்து, டிரைவ் பெயரை நீக்கி, பின்சாய்வுக் கோடுகளை முன்சாய்வாக மாற்றியதும் முக்கால்வாசி ஓடியது.

மிச்சம்தான் எதிர்பாராதது. அப்பா கேசட்டில் பதிந்து வைத்திருந்த வில்லுப்பாட்டுகளில் 'சுடலை' ஓடுகிறது, 'கொடை' ஓடவில்லை! ஓடாதவை அக்காவின் பழைய மேக் கணினியிலிருந்து வந்த கோப்புகள். அந்தக் கோப்புப் பெயர்களில் 'கொ' என்பது க, ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரிந்து பதிவாகியிருக்கிறது, பட்டியலிலோ கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சர்வருக்கு வேறு வேறு. கோப்புப் பெயர்களை மாற்றித் தரும் கான்வ்எம்வி கருவியால் பெயர்களை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி, அப்புறம் சர்வரில் பாட்டுகளை மறுபடி ஸ்கேன் செய்தேன். இப்போது கொடைப் பாட்டு முழுவதும் வரிசையாக ஓடுகிறது, அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.